பதினான்கு நாள் லீவு: கோசாலையா, மீட்புக் காப்பகமா, கிராமத்துக் கொட்டகையா?

என் அண்ணன் மகள் பெங்களூரில் வேலை செய்கிறாள். மார்கழியில் அவளுக்குப் பதினான்கு நாள் லீவு கிடைத்திருக்கிறது. போன வாரம் போனில் கேட்டாள். “அத்தை, இந்தத் தடவை ஊர் சுத்தற எண்ணம் இல்ல. ஆடு மாடுங்கள வெச்சுப் பாத்துக்கற எடத்துல போய் வேலை செய்யணும். எங்க போனா நெஜமாவே உபயோகமா இருக்கும்?”

“யோசிச்சுச் சொல்றேன்” என்று வைத்துவிட்டேன். ஒரே வரியில் சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை அது. வேலூரிலிருந்து பார்த்தால் அப்படி வேலை செய்ய மூன்று விதமான இடங்கள் உண்டு. கோயிலோ ஆசிரமமோ நடத்தும் கோசாலை ஒன்று. கைவிடப்பட்ட, அடிபட்ட, வயதான ஆடு மாடுகளை மீட்டு வைத்திருக்கும் காப்பகம் இன்னொன்று. மூன்றாவதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அது இரண்டு மாடு வைத்துக்கொண்டு தனியாகச் சிரமப்படும் ஒருவரின் கொட்டகை. நான் அணைக்கட்டுப் பக்கத்துக் கிராமத்தில் மாடுகளோடு வளர்ந்தவள். சத்துவாச்சாரிக்குக் குடிவந்த பிறகும் மார்கழி, தை வந்தால் ஏதாவது ஒரு கொட்டகைக்குப் போய்விடுவேன். இந்த மூன்றிலும் வேலை செய்திருக்கிறேன். அவளுக்கு எழுத ஆரம்பித்தது நீண்டுவிட்டது. இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கும் ஆகட்டும் என்று முழுவதையும் எழுதுகிறேன்.

முதலில் குளிர்காலம் என்றால் நம் ஊரில் என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். அவள் பார்க்கும் வீடியோக்கள் எல்லாம் வெளிநாட்டுக் காப்பகங்கள். அமெரிக்காவில் 1986-ல் தொடங்கிய ஃபார்ம் சாங்க்சுவரி மாதிரியான இடங்கள் நியூயார்க் மாநிலத்தில் இருக்கின்றன. அங்கே பனிக்காலம் என்றால் தண்ணீர்த் தொட்டியில் உறைந்த பனிக்கட்டியை உடைப்பதுதான் காலையில் முதல் வேலை. வேலூரில் அந்தக் கஷ்டம் இல்லை. வெயிலுக்குப் பேர்போன ஊர் இது. மார்கழி விடியலில் மலைகளைச் சுற்றிப் பனி இறங்கி, போர்வை கேட்கும் அளவுக்குக் குளிரும், அவ்வளவுதான். அந்தக் குளிரை நல்ல உடம்புள்ள மாடு எளிதாகத் தாங்கிவிடும். அசை போடும் மாட்டின் வயிறே ஓர் அடுப்பு மாதிரி. உள்ளே தீனி நொதித்துச் சூடு வந்துகொண்டே இருக்கும்.

மாட்டைக் கெடுப்பது ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழை நின்ற பிறகும் கொட்டகைத் தரை காய்வதில்லை. மார்கழி வெயில் கூரைக்குள் எட்டிப் பார்ப்பதற்குள் மணி பத்தாகிவிடும். அந்த ஈரத்தில் இரவு முழுக்க நின்றால் குளம்பு அழுகும், படுத்தால் மடிநோய் வரும். மழையோடு பெருகும் சின்னக் கொசு போன்ற பூச்சிகள் செம்மறிகளுக்கு நீலநாக்கு நோயைப் பரப்பும். ஆட்டை விடியற்காலையிலேயே மேய்ச்சலுக்கு விட்டால் பனியில் நனைந்த புல் நுனியில் ஏறி நிற்கும் புழுக்குஞ்சுகள் வயிற்றுக்குள் போகும். புல் உலர்ந்த பிறகு ஓட்டிப் போனால் அவ்வளவு போகாது. எங்கள் அப்பா, “பனி காயட்டும், அப்புறம் ஆட்ட அவுக்கலாம்” என்று சொன்னதற்குக் காரணம் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது.

இன்னொன்றும் உண்டு. குளிருகிறதே என்று இரக்கப்பட்டு நான்கு பக்கமும் தார்ப்பாய் கட்டிவிடுவார்கள். மறுநாள் காலையில் உள்ளே போனால் கண் எரியும். மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா வெளியேற வழியில்லாமல் நிற்கும். கன்றுகள் இருமும். கீழே காற்றடிக்காமல் தடுத்துவிட்டு, கூரையை ஒட்டி இரண்டு அடி திறந்து விடுவதுதான் சரி. கன்றுக்குத் தரையில் வைக்கோல் மெத்தை, முதுகில் ஒரு கோணிச் சாக்கு. இவ்வளவு இருந்தால் போதும்.

ஆக, குளிர்காலத் தொண்டு என்பது பெரும்பாலும் விடியற்காலை ஐந்து மணிக்குச் சாணம் அள்ளுவது, ஈர வைக்கோலை மாற்றுவது, தரையை உலர வைப்பது, எந்த மாடு எழுந்திருக்கவில்லை என்று பார்ப்பது. இந்த வேலைக்கு அந்த இடத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கிறதா, இல்லையா? மூன்று இடங்களையும் ஒப்பிட நான் வைத்திருக்கும் அளவுகோல் இது ஒன்றுதான்.

கோசாலையிலிருந்து தொடங்குகிறேன். நம் பக்கத்துக்கும் கோசாலைக்கும் பழைய உறவு உண்டு. திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் பக்தர்கள் இன்றும் வணங்கும் பசு லட்சுமியின் சமாதி இருக்கிறது. அந்த லட்சுமி, 1926-ல் குடியாத்தம் பக்கத்துக் குமாரமங்கலத்திலிருந்து தாய்ப்பசுவோடு கொண்டுவரப்பட்ட சின்னக் கன்று. 1948 ஜூன் 18-ல் அது இறந்த அன்று ரமணர் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொடுத்தார் என்று ஆசிரம வரலாறு சொல்கிறது. குடியாத்தம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு அந்தக் கன்று நினைவுக்கு வரும்.

கோசாலையில் நுழைவது சுலபம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் நின்றால் துடைப்பத்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள். சம்பளத்துக்கு ஆட்கள் இருப்பார்கள், கால்நடை மருத்துவர் வந்து போவார், தரை சிமெண்டுத் தரையாக இருக்கும், தண்ணீர் இருக்கும். மாட்டுப் பக்கமே போகாதவர்களுக்குப் பழக அதைவிட நல்ல இடம் இல்லை. மாட்டுக்கு எந்தப் பக்கமாகப் போய் நிற்பது, கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாமல் பிடிப்பது, பின்காலுக்கு எட்டாத தூரம் எது, இதெல்லாம் ஒரு வாரத்தில் வந்துவிடும்.

ஆனால் சாணம் அள்ள அங்கே ஆள் பஞ்சம் இல்லை. நீங்கள் அள்ளாவிட்டாலும் அது அள்ளப்பட்டுவிடும். கோசாலையில் ஆள் தேவைப்படுவது வேறொரு இடத்தில். அது வாசலில்.

மாட்டுப் பொங்கல் அன்று வேலூர்க் கோசாலை ஒன்றில் நின்று பாருங்கள். காலை எட்டு மணிக்கே குடும்பம் குடும்பமாக வருவார்கள். ஒவ்வொருவர் கையிலும் சர்க்கரைப் பொங்கல், வெண்பொங்கல், வாழைப்பழம், வெல்லம் கலந்த அரிசி. எல்லாமே அன்போடு கொண்டுவந்தவை. ஒரு மாட்டுக்கு ஒருவர் ஒரு கைப்பிடி கொடுத்தால் ஒன்றும் ஆகாது. நூறு பேர் கொடுத்தால்? சோறும் வெல்லமும் மாட்டின் முதல் வயிற்றில் வேகமாக நொதித்து அமிலமாகிவிடும். வைக்கோலைச் செரிக்க உதவும் நுண்ணுயிர்கள் அந்த அமிலத்தில் செத்துப்போகும். மாடு அசை போடுவதை நிறுத்தும், வயிறு உப்பும், தண்ணீர் மாதிரிக் கழியும், பிறகு படுத்துவிடும். முற்றிப்போனால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும். பொங்கல் வரும்போதெல்லாம் கால்நடை மருத்துவர்கள் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். நான் என் கண்ணால் மூன்று மாடுகளை அப்படிப் பார்த்திருக்கிறேன். அதில் ஒன்று பிழைக்கவில்லை. அரிசிப் பொங்கல் வைத்துக் கும்பிட்ட கைகளே அதற்குக் காரணம் என்று அந்தக் குடும்பங்களுக்குக் கடைசி வரை தெரியாது.

அதனால் கோசாலையில் ஒரு தொண்டர் செய்யக்கூடிய மிகப் பெரிய வேலை, தை இரண்டாம் தேதியும் தை அமாவாசையும் காலை ஆறு மணி முதல் வாசலில் நிற்பது. “சாமிக்குப் படைச்சிட்டுக் கொடுங்க, நாங்க அளவா வெக்கிறோம்” என்று பணிவாகச் சொல்லி அந்தத் தட்டை வாங்கி வைக்க வேண்டும். ஒரு கட்டுப் பசும்புல்லையோ நாலு அகத்திக் கொத்தையோ அவர்கள் கையில் கொடுத்து, அதை மாட்டுக்கு ஊட்டச் சொல்ல வேண்டும். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. நான் செய்திருக்கிறேன். குழந்தைகளுக்குப் பொங்கலை விடப் புல் ஊட்டுவதுதான் பிடிக்கிறது. பிளாஸ்டிக் பையோடு பழம் வைத்துவிட்டுப் போவதையும் அங்கேயே தடுக்கலாம். 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவர்கள் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அறுத்து எடுத்தார்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு அதே வருடம் ஜனவரியில்தான் தடை செய்திருந்தது.

கோசாலையில் எனக்கு நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். இது எல்லா இடத்துக்கும் பொருந்தும். ஒரு மார்கழியில் ஒரு பசு தீனி எடுக்காமல், வாயிலிருந்து நூல் நூலாக எச்சில் ஒழுக நின்றது. குரல் கம்மிப் போயிருந்தது. தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று நினைத்து வாய்க்குள் கையை விட்டுப் பார்த்தேன். பிறகு வந்த மருத்துவர் மாட்டைப் பார்ப்பதற்கு முன் என் கையைத்தான் பார்த்தார். விரலில் அரிவாள் கீறல் இருந்தது. வெறிநாய் கடித்த மாடும் அப்படித்தான் நிற்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டுக் கையைக் கழுவ வைத்தார். அரசு மருத்துவமனையில் அன்றும், 3, 7, 28 ஆம் நாட்களிலும் ஊசி போட்டுக்கொண்டேன். அந்தப் பசு நான்காவது நாள் இறந்தது. கோமாரியிலும் எச்சில் ஒழுகும், உண்மையிலேயே மாங்கொட்டை சிக்கினாலும் ஒழுகும். எது என்று பார்க்க வேண்டியவர் மருத்துவர். எச்சில் ஒழுகும் எந்த மாட்டின் வாயிலும் கையை விடாதீர்கள்.

அடுத்தது மீட்புக் காப்பகம். என் அண்ணன் மகள் மனதில் இருப்பது இதுதான். அவள் பால் குடிப்பதை விட்டு மூன்று வருடம் ஆகிறது. பால் கறக்காத, விற்காத, சாகும்வரை வைத்துக் காப்பாற்றும் இடத்தில்தான் வேலை செய்ய வேண்டும் என்கிறாள். நான் தினமும் இரண்டு வேளை பால் டீ குடிப்பவள். ஆனால் அவள் கேள்வியில் இருக்கும் நியாயத்தை என்னால் தள்ள முடியவில்லை. ஏனென்றால் காப்பகத்தில் நிற்பவை யார் என்று பார்த்தாலே அது புரிந்துவிடும். பெரும்பாலும் ஜெர்சிக் கலப்புக் காளைக்கன்றுகள், வற்றிப்போன பசுக்கள்.

எங்கள் வீட்டில் காளைக்கன்று பிறந்தால் உழவுக்கு ஆகும் என்று சந்தோஷப்பட்டார்கள். இப்போது கழனியில் டிராக்டர். கலப்புக் கன்றுக்கு நுகத்தடி நிற்கத் திமிலும் சரியாக இருக்காது, வெயிலில் மூச்சு வாங்கும். கிடேரிக் கன்றே பிறக்கும்படி பிரித்தெடுத்த விந்து ஊசி வந்திருக்கிறது. எல்லா ஊருக்கும் அது இன்னும் போய்ச் சேரவில்லை. அதுவரை பிறக்கும் காளைக்கன்றுகளில் பல, சீம்பாலைக்கூட வயிறு நிறையக் குடிக்காமல் கட்டவிழ்த்து விடப்படுகின்றன, அல்லது செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தைக்குப் போகின்றன. சந்தையிலிருந்தும் நெடுஞ்சாலையிலிருந்தும் எடுத்து வந்தவைதான் காப்பகத்தை நிரப்புகின்றன. தை, மாசியில் நம் ஊர்களில் எருது விடும் விழா முடிந்ததும் இன்னும் சில வரும். அதற்கான சட்டத்தை 2023 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது, விழாவைப் பற்றி இங்கே வாதாட நான் வரவில்லை. ஆனால் கூட்டத்தில் மிரண்டு ஓடிக் கால் முறிந்த காளையை வைத்துப் பார்க்க யாராவது வேண்டும்.

காப்பகத்தில் ஆள் உண்மையிலேயே பஞ்சம். அறுபது எழுபது உயிருக்கு மூன்று பேர் இருப்பார்கள். அதிலும் பொங்கலுக்கு இருவர் ஊருக்குப் போய்விடுவார்கள். மாட்டுக்கு லீவு கிடையாதே.

அங்கே நான் கற்றுக்கொண்ட பெரிய வேலை, படுத்துவிட்ட மாட்டைப் பார்ப்பது. நானூறு கிலோ உடம்பு ஒரே பக்கமாகக் கிடந்தால், அடியில் மாட்டிய காலின் சதை சில மணி நேரத்திலேயே நசுங்க ஆரம்பித்துவிடும். முதல் நோய் குணமானாலும் அந்தக் காலால் எழுந்திருக்க முடியாது. அதனால் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியிலும் எழுந்து, நான்கு பேர் சேர்ந்து பக்கம் மாற்றிப் போட வேண்டும். தட்டையாகச் சாய விடக்கூடாது. சாய்ந்தால் வயிற்றில் காற்று ஏறி உப்பிவிடும். நெஞ்சு தரையில் பதிய, கால் மடக்கி, இரு பக்கமும் வைக்கோல் மூட்டை அண்டக் கொடுத்து உட்கார வைக்க வேண்டும். அடியில் ஒரு முழ ஆழத்துக்கு உலர்ந்த வைக்கோல். மார்கழியில் அந்த வைக்கோல் ஈரமாகாமல் பார்த்துக்கொள்வதே பாதி வைத்தியம். ஒரு செவலைப் பசுவை இப்படி ஆறு நாள் புரட்டிப் போட்டோம். ஏழாம் நாள் விடியலில், பக்கத்து ஊர்க் கோயிலில் திருப்பாவை ஓடிக்கொண்டிருக்கும்போது, அது தானாக முன்னங்காலை ஊன்றி எழுந்து நின்றது. கால் நடுங்கியது. ஆனாலும் நின்றது. அன்று நாங்கள் யாரும் டீ குடிக்கக்கூடப் போகவில்லை, அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஆனால் காப்பகம் என்று பலகை மாட்டியதெல்லாம் நல்ல இடம் இல்லை. வேறொரு வருடம் நான் ஒன்பது நாள் தங்கிய ஓர் இடத்தில், சந்தையிலிருந்து மீட்ட ஆறு ஆடுகளை வந்த அன்றே பழைய ஆடுகளோடு ஒரே பட்டியில் அடைத்தார்கள். தனியாக வைக்கலாமே என்று கேட்டேன், இடமில்லை என்றார்கள். நான் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அது இன்றும் உறுத்துகிறது. ஐந்தாவது நாள் ஆடுகளுக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்தது, வாயில் புண், பிறகு கழிச்சல். ஆட்டுக்கொல்லி நோய். தடுப்பூசி போட்டிருந்தால் தப்பித்திருக்கும். பதினோரு ஆடுகளைக் குழி தோண்டிப் புதைத்தோம். இரக்கம் மட்டும் இருந்து ஒழுங்கு இல்லாவிட்டால், காப்பாற்றப் போன இடமே உயிரை எடுத்துவிடும்.

அதனால் போவதற்கு முன் போனில் கேட்க வேண்டியவை சில உண்டு. புதிதாக வரும் உயிரை இரண்டு மூன்று வாரமாவது தனிக் கொட்டகையில் வைக்கிறார்களா? கோமாரி, ஆட்டுக்கொல்லி, தோல் கழலை நோய்க்குத் தடுப்பூசி போட்ட பதிவேடு இருக்கிறதா? மருத்துவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார்? ராத்திரியில் யார் இருக்கிறார்கள்? இடம் நிறைந்துவிட்டால் புதிதாக எடுப்பதை நிறுத்துகிறார்களா? கடைசிக் கேள்விக்கு “நாங்க எதையும் வேணாம்னு சொல்றதில்ல” என்று பெருமையாகப் பதில் வந்தால் நான் போக மாட்டேன். முப்பது மாடு நிற்கும் இடத்தில் எண்பது நின்றால், மார்கழி ஈரத்தில் எண்பதும் நோயில் விழும். பெண்கள் தங்குவதற்குத் தாழ்ப்பாள் உள்ள அறையும் கழிப்பறையும் இருக்கிறதா என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

காப்பகத்துக்கு ஒரு நாள், இரண்டு நாள் போவதால் அவர்களுக்குத்தான் சிரமம். உங்களுக்கு வேலை காட்டிக்கொடுக்கவே ஒருவர் கூட நிற்க வேண்டியிருக்கும். பத்து நாளாவது தொடர்ந்து இருக்க முடிந்தால் மட்டும் போங்கள். நான்காவது நாளிலிருந்துதான் நீங்கள் அவர்களுக்குப் பயன்படத் தொடங்குவீர்கள்.

மூன்றாவது இடம், என் ஊரில் இருக்கும் ஒரு பெரியம்மாவின் கொட்டகை. வயது எழுபதுக்கு மேல். பிள்ளைகள் ஓசூரில். இரண்டு மாடு, ஒரு கன்று, நாலு ஆடு. காலையில் சங்கத்துக்குப் பால் ஊற்றித்தான் வீட்டுச் செலவு. கார்த்திகை மழையில் கொட்டகை சேறாகிவிட்டது. மூட்டுவலியோடு குனிந்து சாணம் அள்ளிக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மார்கழியில் போனபோது, “முடியல கண்ணு. வர்ற செவ்வாக்கெழம பொய்கைக்கு ஓட்டிடலாம்னு கீறேன்” என்றார். அந்த மாடுகளில் ஒன்று வயதானது, வற்றப்போவது. சந்தைக்குப் போனால் அது எங்கே போய்ச் சேரும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை அவர்.

நானும் என் தம்பியும் ஊர்ப் பையன்கள் இருவரும் சேர்ந்து நான்கு நாள் வேலை செய்தோம். சேற்றை வழித்துப் போட்டுவிட்டு கிரஷர் தூள் ஒரு லோடு கொட்டித் தரையை ஒரு சாண் உயர்த்தினோம். பின்பக்கமாகச் சரிவு கொடுத்து மூத்திரம் ஓட ஒரு வாய்க்கால் வெட்டினோம். தார்ப்பாயை மேலே திறந்து கட்டினோம். குனியாமல் சாணம் தள்ள நீளக் கம்பு வைத்த பலகை ஒன்று செய்து கொடுத்தோம். அவ்வளவுதான் வேலை. அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை நான் போகிறேன். இரண்டு மாடும் இன்னும் அங்கேயே நிற்கின்றன. வயதானது வற்றிவிட்டது. ஆனாலும் சாணம் எருவுக்கு ஆகிறது என்று வைத்திருக்கிறார். உண்மைக் காரணம் அதுவல்ல, பேச்சுத் துணைக்குத்தான் வைத்திருக்கிறார்.

எனக்கு இந்த மூன்றாவது வழிதான் மனதுக்கு மிகவும் நெருக்கம். ஒரு மாடு காப்பகத்துக்கு வரும் நிலையை அடைவதற்கு முன்பே அதைத் தடுத்துவிடுகிறது. மாடு பழகிய இடத்திலேயே, பழகிய குரலைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஆனால் இதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. முன்பின் தெரியாதவர் போய் நின்றால் யாரும் கொட்டகைக்குள் விட மாட்டார்கள், விடவும் கூடாது. உறவோ ஊர்ப் பழக்கமோ வேண்டும். வருடம் முழுக்க வந்துபோகும் தூரத்தில் இருக்க வேண்டும். அப்புறம், அங்கே பால் கறப்பார்கள். என் அண்ணன் மகளுக்கு அது ஒப்பவில்லை. “அந்தப் பாட்டி மேல எனக்குக் கோபம் இல்ல அத்தை. ஆனா நான் அங்க கன்னுக்குட்டிய இழுத்துக் கட்ட மாட்டேன்” என்றாள். சரி, அது அவள் மனசாட்சி.

பணம் மட்டும் கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு விஷயம். கொடுப்பதை மார்கழியில் கொடுங்கள். போன வருட வைக்கோல் தீர்ந்தும் நனைந்தும் போயிருக்கும், புது வைக்கோல் தை அறுவடைக்குப் பிறகுதான் போருக்கு வரும். அந்த இடைவெளியில் ஒரு லோடு உலர்ந்த வைக்கோல் வந்து இறங்கினால், அது தீனியும் ஆகும், படுக்கையும் ஆகும்.

வேலூரிலேயே இருந்துகொண்டு வாரம் ஒரு நாள் மட்டும் ஒதுக்க முடிந்தவர்கள் கோசாலைக்குப் போங்கள், மாட்டுப் பொங்கல் அன்று வாசலில் நில்லுங்கள். கிராமத்தில் வேர் இருப்பவர்கள், ஊரில் யார் மாட்டை விற்கப் போகிறார்கள் என்று விசாரியுங்கள். என் அண்ணன் மகளுக்குப் பதினான்கு நாள் இருக்கிறது, உடம்பில் தெம்பு இருக்கிறது, ராத்திரி எழுந்து மாட்டைப் புரட்டும் வைராக்கியமும் இருக்கிறது. பாலோடு சம்பந்தப்பட்ட வேலையில் அவள் மனம் ஒட்டாது. அவள் போக வேண்டியது காப்பகம். நான் மூன்று இடங்களுக்குப் போன் செய்து அந்தக் கேள்விகளைக் கேட்டேன். ஓரிடத்தில் மட்டும் எல்லாவற்றுக்கும் நேரடியாகப் பதில் வந்தது. “இப்ப எடமில்லம்மா, புதுசா எதையும் எடுக்கல. ஆனா ஆளு வேணும்” என்றார்கள். அங்கேயே போகச் சொல்லிவிட்டேன்.

டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டுவிட்டாள். நாய்க்கடித் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்வது பற்றி டாக்டரிடம் கேட்டு, முதல் ஊசியும் ஆகிவிட்டது. எலிக்காய்ச்சல் பயம் இருப்பதால் வெறுங்காலோடு கொட்டகைச் சேற்றில் இறங்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-ஐ அவள் போனில் சேர்த்துவைக்கச் சொன்னேன். சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குக் காட்பாடியில் இறங்குகிறாள். பழைய சேலை கிழித்த துணி ஒரு பை நிறைய, கோணிச் சாக்கு ஆறு, முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி எடுத்து வைத்திருக்கிறேன். ஆறாம் நம்பர்தான் கிடைத்தது, அவளுக்கு ஐந்து. உள்ளே இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டால் சரியாக இருக்கும்.